அரிசிமணி அளவுத் தூண்டிலும் பினாங்கு பெட்டாவும்

பினாங்கில் தூண்டில் போடுகிறவர் என்றதும், பத்து மாவுங் கரையில் சியாக்காப் மீனுக்காகக் காத்திருப்பவரோ, தெலுக் பாஹாங்கிலிருந்து விடியற்காலையில் படகேறுகிறவரோ, இறால் குளத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலியில் இரவு முழுவதும் உட்கார்ந்திருப்பவரோதான் நம் மக்களின் நினைவுக்கு வருவார். அதே தீவின் மலையடிவாரத்தில், கணுக்கால் நனையும் அளவுக்கே ஓடும் தண்ணீரில், சுண்டுவிரலைவிடச் சற்றே பெரிய மீனைத் தூண்டிலில் எடுத்து, படம் பிடித்து, எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவதும் ஒரு மீன்பிடிப்புதான் என்றால் பலர் நம்புவதில்லை. மைக்ரோ ஃபிஷிங் என்று இன்று அழைக்கப்படும் இந்தப் பழக்கத்துக்கு ஜப்பானில் நீண்ட மரபு உண்டு. அங்கே தானாகோ என்ற சிறு மீனுக்கென்றே குட்டைக் கோல்களும் மிகச் சிறிய தூண்டில் முட்களும் செய்யும் கைவினை வளர்ந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்தத் தீவின் பெயரைத் தாங்கிய மீன் ஒன்று நம் ஓடைகளிலேயே இருக்கிறது.

பெட்டா புக்னாக்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். மீன் வளர்ப்பவர்கள் பினாங்கு பெட்டா என்கிறார்கள். மலாய்க்காரர்கள் சண்டை மீன்கள் எல்லாவற்றையும் சொல்வதுபோல இதையும் பெலாகா என்றே சொல்லிவிடுவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இங்கே பணியாற்றிய டென்மார்க் நாட்டவர் தியோடர் கேண்டர், மலாய் வட்டார மீன்களைப் பற்றி 1849இல் எழுதிய பட்டியலில், பினாங்கில் கிடைத்த மீனை வைத்து இதற்குப் பெயரிட்டார். சயாமியச் சண்டை மீனையும் அவர் இதனோடு சேர்த்தே எண்ணிவிட்டதால், இன்று கடைகளில் கண்ணாடிக் குப்பிகளில் விற்கப்படும் அந்த நீண்ட துடுப்பு மீனுக்குத் தனிப்பெயர் கிடைக்க, ரீகன் என்ற ஆங்கிலேய மீனியலாளர் இரண்டையும் பிரித்துக் காட்டிய 1910 வரை பொறுக்க வேண்டியிருந்தது. உலகப் புகழ் பெற்ற சண்டை மீன் அறுபது ஆண்டுகள் நம் ஓடை மீனின் பெயருக்குள் ஒதுங்கிக் கிடந்தது என்று நினைக்கையில் பினாங்குக்காரனான எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

மேலிருந்து பார்த்தால் அது வெறும் பழுப்பு மீன். ஊறிப்போன இலையின் நிறம்தான் அதன் முதுகின் நிறம். பக்கவாட்டில் வெயில் படும்படி பார்த்தால்தான் விவரம் தெரியும். ஆண் மீனின் உடலில் செதிலுக்கு ஒரு புள்ளியாகப் பச்சையும் நீலமும் கலந்த மினுக்கம் வரிசையாக ஓடும். செவுள் மூடியில் அந்த நிறம் திரண்டு, மயில் கழுத்தின் நிறத்துக்கு மிக அருகில் வந்துவிடும். மூக்கு நுனியிலிருந்து கண்ணைக் கடந்து செவுள் வரை ஒரு கரிய கோடு இருக்கும். ஆணின் தலை பெரிது, துடுப்புகள் நீண்டு கூர்மையாக முடியும். பெண் மீன் மெலிந்தது, அதன் மினுக்கமும் மங்கலானது. பயந்துவிட்டால் உடலில் கருங்கோடுகள் தோன்றிப் பளபளப்பு அடங்கிவிடும் என்பதால், பிடித்த உடனே எடுக்கும் படத்தில் இந்த மீன் எப்போதும் தன் அழகில் பாதியைத்தான் காட்டும்.

பாலிக் பூலாவ் பக்கத்து வயல் வாய்க்கால்களில் கிடைக்கும் பெட்டா இம்பெல்லிஸ் என்ற மீனோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தேங்கிய நீரில் வாழ்வது, நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காப்பது. நாம் பேசும் மீன் ஓடும் நீரில் வாழ்வது, கூடு கட்டாமல் முட்டைகளை ஆண் மீன் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பது. இந்த ஒரு வேறுபாடு தூண்டில் போடுகிறவரின் நடத்தையை எந்த அளவுக்கு மாற்ற வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மீனைத் தேடும்போது தண்ணீரைப் பார்க்கக் கூடாது, சருகைப் பார்க்க வேண்டும் என்பதே நான் முதலில் சொல்லக்கூடியது. பினாங்கு மலையின் கருங்கல் பாறைகளுக்கிடையே இறங்கி வரும் ஓடைகளில், பாறையிலிருந்து பாறைக்குத் தாவும் வெண்ணுரை நீரில் பெட்டா இருப்பதில்லை. ஓடை வளையும் இடத்தில், விழுந்து கிடக்கும் மரத்துக்குப் பின்னால், கரையோர வேர்கள் நீருக்குள் தொங்கும் பள்ளங்களில், நீரோட்டம் சோம்பி நிற்கும் மூலைகளில் இலைச்சருகு அடுக்கடுக்காகப் படியும். மேலடுக்கில் இருப்பவை புதிதாக விழுந்த இலைகள். கீழே போகப் போகக் கறுத்து, நரம்பு மட்டும் மிஞ்சி, கடைசியில் கூழாகிவிடும். அந்த அடுக்குகளுக்குள் பூச்சிகளின் இளம்புழுக்களும் சிறு இறால்களும் வாழ்கின்றன. மேலே தொங்கும் செடிகளிலிருந்து எறும்பும் சிலந்தியும் விழுகின்றன. பெட்டாவுக்கு உணவும் மறைவிடமும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ஓர் அடி ஆழம்கூட வேண்டியதில்லை. நான் பார்த்த பெரிய ஆண் மீன்களில் பல, ஒரு சாண் நீருக்கும் குறைவான இடத்தில்தான் இருந்தன.

இதைச் சொல்லும்போது ஒரு மனக்குறையையும் சொல்லத் தோன்றுகிறது. விடுமுறை நாட்களில் குளிக்க வருபவர்களுக்காக ஓடைகளைச் சுத்தம் செய்கிறோம் என்ற பெயரில் சருகை வாரிக் கரையில் குவிப்பதும், விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவதும், கற்களை அடுக்கி நீரைத் தேக்குவதும், கரைக்குச் சிமெண்டு பூசுவதும் வழக்கமாகிவிட்டன. பிளாஸ்டிக் பையையும் நாசி லெமாக் காகிதத்தையும் பொறுக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் இலை குப்பை அன்று. கண்ணாடிபோல் அடிமணல் தெரியும் அந்தத் தெளிந்த குளியல் மடுக்களில் செலுவாங் என்ற சிறு மீன் கூட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டாவைக் காண முடியாது. அதே ஓடையில் நூறடி மேலே, யாரும் கை வைக்காத, பார்ப்பதற்கு அழுக்காகத் தெரியும் மூலையில் அது இருக்கும். மலைச்சரிவில் மண்ணைத் திறந்துவிட்ட இடத்துக்குக் கீழேயும் இதே கதைதான்: மழையில் இறங்கும் சேறு சருகின் இடைவெளிகளை அடைத்துவிட, இலை இருந்தும் அதற்குள் நுழைய வழியில்லாமல் போகிறது.

கருவிகளுக்கு அதிகம் செலவாகாது. கோல் ஐந்தடி அல்லது ஆறடி இருந்தால் போதும். மேலே கிளைகளும் பிரம்பும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் அதற்கு மேல் நீளம் தொல்லைதான். ஜப்பானிய டெங்காரா கோலை இணையத்தில் வாங்குகிறார்கள், நல்லதுதான். ஆனால் இறால் குளத்துக்குப் பயன்படுத்தும் குட்டைக் கோலின் நுனி இதற்கு மிகப் பொருத்தமாக இருக்கிறது. இறாலின் தயக்கமான இழுப்பை உணர்வதற்காகவே செய்யப்பட்ட நுனி அது. உருளையைக் கழற்றிவிட்டு, நுனி வளையத்தில் தூண்டில் நரம்பை முடிந்துகொண்டால் வேலை முடிந்தது. நரம்பு 0.1 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் போதும், கோலின் நீளத்தைவிடக் குறைவாகவே விட வேண்டும். ஈயக்குண்டு வேண்டுமானால் ஆகச் சிறியதைக் கடித்து அழுத்தாமல் இடுக்கியால் அழுத்துங்கள். தக்கை எனக்குத் தேவைப்படுவதில்லை, ஏனென்றால் இரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இந்த மீனைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முள்ளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் சிறியது என்று எடுத்துத் தரும் முள், திலாப்பியாவுக்கோ லம்பாமுக்கோ ஏற்றது. பெட்டாவின் வாயில் அது நுழையவே நுழையாது, நுழைந்தாலும் தாடையைக் கிழிக்கும். முள்ளின் எண் கூடக் கூட அளவு குறையும் என்பதை நினைவில் வைத்து, பூச்சிபோல் தோன்றும் பொய்யீ கட்டுவதற்கான முட்களில் 26ஆம் எண்ணுக்கு மேற்பட்டவற்றையோ, தானாகோவுக்கென்று நரம்போடு கட்டியே விற்கப்படும் முட்களையோ வரவழைத்துக்கொள்ள வேண்டும். முள்ளின் வளைவு முழுவதும் ஓர் அரிசிமணிக்குள் அடங்கினால் அளவு சரி. உட்புறம் திரும்பி நிற்கும் எதிர்க்கூர் இருந்தால் அதை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கிவிட வேண்டும். கொஞ்சம் வயதானவர்கள் வாசிப்புக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் அந்த வெளிச்சத்தில் இவ்வளவு சிறிய முள்ளைக் கட்டுவதற்குக் கைப்பழக்கம் மட்டும் போதாது.

இரையைப் பற்றிப் பலர் பலவிதம் சொல்வார்கள். ரொட்டியை உருட்டிப் போட்டால் செலுவாங் வரும், பெட்டா திரும்பிக்கூடப் பார்க்காது. மண்புழுவை முழுதாகக் கோக்காமல், அதில் கடுகளவு துண்டை வெட்டி, முள்ளின் கூர் மட்டும் வெளியே தெரியும்படி வைப்பது எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது. முசுறு எறும்பின் கூட்டிலிருந்து எடுத்த வெள்ளை முட்டை அதைவிட நல்ல இரை, ஆனால் அதை எடுப்பதற்குள் எறும்புகள் கையைப் பதம் பார்த்துவிடும்; அது அவரவர் பொறுமையைப் பொறுத்தது. இரை பெரிதாக இருந்தால் மீன் அதன் வாலை மட்டும் பிடித்து இழுத்து விளையாடும், முள் வாய்க்குள் போகாது. கடிக்கிறது ஆனால் சிக்கவில்லை என்று சொல்கிறவர்கள் முள்ளை மாற்றுவதற்கு முன் இரையைப் பாதியாக்கிப் பார்ப்பது நல்லது.

கடந்த பள்ளி விடுமுறையில் பட்டர்வொர்த்திலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். படிவம் இரண்டு படிக்கிறான். கைப்பேசியில் பெரிய மீன்களைப் பார்த்துப் பழகியவன். பாலிக் பூலாவில் ஒரு டுரியான் தோட்டத்தை ஒட்டிய ஓடைக்கு, உரிமையாளரான சீனப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, அவனை அழைத்துப் போனேன். முதல் அரைமணி நேரம் அவன் நடு ஓடையிலேயே இரையைப் போட்டுக்கொண்டிருந்தான். நீரைத் தொடுவதற்குள் செலுவாங் பாய்ந்து வந்து இரையைப் பறித்துக்கொண்டு போயிற்று. அதையும் குறை சொல்ல முடியாது; பக்கவாட்டில் ஒரு கரிய கோடும் பொன் விளிம்பும் கொண்ட அழகிய மீன்தான். இடையில் உடலில் கரும்புள்ளிகள் கொண்ட ஒரு தெபால் சிசிக் குஞ்சும் சிக்கியது. பெட்டா மட்டும் வரவில்லை.

அப்புறம் அவனைக் கரையோரப் பாறையில் குப்புறப் படுக்க வைத்தேன். நிற்கிறவரின் நிழல் நீரில் விழுந்தால் இந்த மீன் சருகுக்குள் போய்விடும். காலடி அதிர்வும் அப்படித்தான். பெரணிச் செடி நீரில் சாய்ந்திருந்த இடத்தில், சருகின் ஓரமாக, இரையைக் கோலின் நுனியிலிருந்து நேர்க்கீழாக இறக்கி, அடியில் உட்காரவும் விடாமல் மேலே மிதக்கவும் விடாமல், ஒரு விரற்கடை உயரத்தில் அசைக்காமல் பிடிக்கச் சொன்னேன். கை நடுங்காமல் அப்படிப் பிடிப்பது சொல்வதுபோல் எளிதன்று. சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

“மாமா, அந்த இலை நகருது.”

“இலை இல்லடா, நல்லாப் பாரு.”

ஒரு பழுத்த இலையின் அடியிலிருந்து முதலில் கண்ணும் அதன் மேல் ஓடும் கரிய கோடும் மட்டும் தெரிந்தன. மீன் அங்கேயே நின்று, மார்புத் துடுப்புகளை விசிறிக்கொண்டு, இரையை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு உடலைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது. செலுவாங் பாய்ந்து வந்து கவ்வும். பெட்டா அப்படிச் செய்வதில்லை. அருகில் வந்து, வாயைத் திறந்து, இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொண்டு, வந்த வழியே பின்னோக்கிப் போகும். கடுகளவு மண்புழு திடீரென்று காணாமல் போவதுதான் நமக்குக் கிடைக்கும் ஒரே அடையாளம். பையன் வெடுக்கென்று இழுக்கப் போனான்.

“இழுக்காத, சும்மா தூக்கு.”

தூக்கினான், வந்தது. இந்த அளவு மீனுக்கு இழுப்பு என்பதே தேவையில்லை. மணிக்கட்டைச் சற்று உயர்த்தினால் போதும். வெடுக்கென்று இழுத்தால் முள் நழுவும், அல்லது மீன் காற்றில் பறந்து பின்னாலிருக்கும் புதரில் விழும். மேலே தூக்கிய மீனைக் கையால் பிடிக்காமல், ஓடை நீர் நிரப்பி முன்கூட்டியே நிழலில் வைத்திருக்கும் சிறு கண்ணாடிப் பெட்டியின் மேல் கொண்டுபோய் நரம்பைத் தளர்த்தினால், எதிர்க்கூர் இல்லாத முள் பெரும்பாலும் தானாகவே கழன்றுவிடும்.

இனி வாய்க்குள் முட்டை காப்பதைப் பற்றி. இணை சேரும்போது ஆண் மீன் தன் உடலை வளைத்துப் பெண்ணை அணைத்துக்கொள்ளும். வெளிவரும் முட்டைகள் ஆணின் குதத்துடுப்பின் மேல் விழும். பெண் மீன் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஆணின் முகத்துக்கு நேராக உமிழும். ஆண் அவற்றை வாயில் வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாட்களோ சில வேளைகளில் அதற்கு மேலுமோ, குஞ்சுகள் தாமாக நீந்தும் அளவுக்கு வளரும்வரை, அது எதையும் தின்னாமல் சருகுக்குள் ஒதுங்கி நிற்கும். அந்த நாட்களில் அதன் தொண்டைப் பகுதி கீழே புடைத்து, பையைக் கட்டிவிட்டதுபோல் தெரியும். வாயைச் சற்றே மென்றுகொண்டிருப்பது போன்ற அசைவும் இருக்கும். முட்டைகளைப் புரட்டி நீர் பாய்ச்சுவதற்கான அசைவு அது. தின்னாத மீன் தூண்டிலில் சிக்காதே, பிறகென்ன கவலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரையைக் கடிக்காவிட்டாலும், நாம் கரையில் தடதடவென்று நடந்தாலோ, சருகைக் கோலால் கிளறினாலோ, வலை போட்டு அள்ளினாலோ, அது மிரண்டு வாயிலிருப்பதை உமிழ்ந்துவிடும் அல்லது விழுங்கிவிடும். அத்தனை நாள் பட்டினி வீணாகும். ஆகவே தொண்டை புடைத்த ஆண் ஒன்றைக் கண்டால் அந்த மூலையில் அன்றைக்கு யாரும் தூண்டில் போடுவதில்லை என்று எங்களுக்குள் வைத்திருக்கிறோம். மீன் மிக அழகாக இருக்கும் நாட்கள் பெரும்பாலும் இவைதாம் என்பதால் இந்த விதியைக் கடைப்பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. கரையிலிருந்தே தொலைநோக்கியால் பார்க்கலாம். பறவை பார்ப்பவர்கள் வைத்திருக்கும், கிட்டத்தில் இருப்பதையும் தெளிவாகக் காட்டும் தொலைநோக்கி, இரண்டு மீட்டர் தூரத்து மீனின் செதிலைக்கூடக் காட்டும்.

படம் எடுக்கும் பெட்டியைப் பற்றிச் சில விவரங்கள். உள்ளங்கை அளவு அக்ரிலிக் பெட்டி போதும், அகலம் குறைவாக இருந்தால் மீன் பக்கவாட்டிலேயே நிற்கும். விளிம்பு வரை நீர் நிரப்பக் கூடாது. பெட்டா வகை மீன்களுக்குச் செவுளோடு கூடக் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பும் உண்டு. நீருக்கு மேலே கொஞ்சம் காற்றிடம் வேண்டும். மூடி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இது தாவும் மீன், அதுவும் நீங்கள் கைப்பேசியை எடுக்கத் திரும்பும் நேரம் பார்த்துத் தாவும். பெட்டியை வெயிலில் வைத்தால் அந்தச் சிறிதளவு நீர் சில நிமிடங்களில் சூடேறிவிடும். கையால் தொட வேண்டியிருந்தால் முதலில் கையை ஓடையில் நனைத்துக்கொள்ள வேண்டும்; உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். கொசு விரட்டும் களிம்பு பூசிய கையை எப்போதும் நீருக்குள் விடாதீர்கள். இரண்டு நிமிடத்துக்குள் படத்தை எடுத்துவிட்டு, பிடித்த அதே மூலையில், பெட்டியைச் சாய்த்து விட்டுவிட வேண்டும்.

வேறு ஓடையில் விடக் கூடாது. இரக்கப்பட்டு, இங்கே நீர் வற்றுகிறது என்று சொல்லி, மீனைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு மலைச்சரிவில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். புண்ணியத்துக்காகக் கடையில் வாங்கிய மீனை ஆற்றில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். லோங்கான் என்னும் வடிகால்களில் பெருகிக் கிடக்கும் கப்பியும், ஆற்றடியில் ஒட்டிக்கொண்டு வாழும் பண்டாராயா மீனும், குட்டைகளை நிரப்பிவிட்ட திலாப்பியாவும் தென்னமெரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் நம் கைகளால் வந்து சேர்ந்தவைதாம். வீட்டுத் தொட்டியில் வைத்து வளர்க்கும் ஆசையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் தொட்டியில் சில நாள் வைத்திருந்த மீனை, தொட்டியின் நோயையும் சேர்த்துத் திரும்ப ஓடையில் விடுவது ஓடைக்குச் செய்யும் கேடு.

எங்கே போகலாம் என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். எங்கே போகக் கூடாது என்று சொல்வது எளிது. தண்ணீர்மலைக் கோவிலுக்குப் பக்கத்தில் 1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவும், தெலுக் பாஹாங்கில் 2003இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவும் மீனைப் பார்ப்பதற்கான இடங்கள், தூண்டில் போடுவதற்கான இடங்கள் அல்ல. நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற பலகை இருந்தால் அதற்கு அப்பால் ஓரடிகூட வைக்க வேண்டாம். நாம் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. பினாங்கு மலை 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் வனத்துறையின் பொறுப்பிலுள்ள காடுகளுக்குத் தனி அனுமதி வேண்டும். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பில் ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும் மாநிலப் பட்டியலில் ஒரே வரியில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் பினாங்கில் இருக்கும் விதியே கெடாவிலும் பேராக்கிலும் இருக்கும் என்று எண்ணிவிடாமல், அந்தந்த மாநில மீன்வளத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. மின்சாரம், வெடி, நஞ்சு இவற்றால் மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. தூபா வேரை நசுக்கி நீரில் கலக்கும் பழைய வழக்கமும் அதில் அடங்கும்.

மிச்சமிருப்பவை தோட்டங்களை ஒட்டிய ஓடைகள். இங்கே கேட்காமல் நுழைவது மரியாதையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. முக்கியமாக, ஜூன், ஜூலை மாதங்களில், டுரியான் விழும் பருவத்தில், பையோடு வரும் எவரையும் தோட்டக்காரர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். மேலிருந்து பழம் விழுந்தால் தலை என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். நாங்கள் போகும் தோட்டத்தின் உரிமையாளரான தவுக்கே, இந்தப் பொடி மீனைப் பிடித்து என்ன சமைப்பீர்கள் என்று மலாயில் கேட்டார். படத்தைக் காட்டியதும், தம் சிறுவயதில் வடிகால் பள்ளங்களில்கூட இது இருந்ததாகச் சொன்னார். அடுத்த முறை போனபோது, ஓடைக்கரையில் புல்லுக்கு மருந்தடிப்பதை அந்தப் பக்கம் மட்டும் நிறுத்திவைத்திருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தது.

ஓடையில் இறங்குகிறவர் எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்ச வேண்டியது கெப்பாலா ஆயர். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேலே மலையில் பெய்த மழை ஒரே மதிலாக இறங்கி வரும். நீர் திடீரென்று கலங்குவது, இலையும் குச்சியும் திரளாக மிதந்து வருவது, நீரின் ஓசை மாறுவது, காரணமின்றி நீர்மட்டம் ஏறுவது அல்லது இறங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் கோலையும் பெட்டியையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பையை எடுக்கத் திரும்பிப் போகிற அந்த நேரம்தான் ஆளைக் கொண்டுபோகும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை பினாங்கில் மழை மிகுந்த மாதங்கள். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு மலை எவ்வளவு தண்ணீரை எவ்வளவு வேகமாக இறக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மலை முகட்டில் மேகம் இறங்கியிருந்தால் நான் வண்டியிலிருந்தே இறங்குவதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் நீர் குறைந்து தெளிந்திருக்கும். மீனைக் காண்பதற்கு அது வசதியான காலம், மீன் நம்மைக் காண்பதற்கும்தான்.

எலிக்காய்ச்சல் இன்னொன்று. காலில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் நீர்புகாத காலணி இல்லாமல் இறங்கக் கூடாது. ஓடைக்குப் போய்வந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஓடையில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கி என்றே முதலில் எண்ணுவார்கள். அட்டை கடித்தால் ரத்தம் வடியுமே தவிர ஆபத்தில்லை. கைப்பிடிக்க மரக்கிளையைப் பற்றும் முன் பார்த்துப் பற்றுங்கள். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோவிலில் இருக்கும் அதே பச்சை விரியன், காட்டில் கிளையோடு கிளையாக அசையாமல் கிடக்கும். குரங்குகளுக்கு ரொட்டிப் பை எது, இரைப் பை எது என்ற வேறுபாடு தெரியாது, இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

பிடித்ததைப் பதிவு செய்யும் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் அடியில் ஒரு சிறு அளவுகோலை ஒட்டிவைத்தால் மீனின் நீளம் படத்திலேயே வந்துவிடும். தேதி, நேரம், நீரின் ஆழம், அடியில் சருகா மணலா, மேலே நிழல் உண்டா என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறோம். அக்கா மகன் ஆணா பெண்ணா, தொண்டை புடைத்திருந்ததா என்று இன்னும் இரண்டு பத்திகளைத் தானாகச் சேர்த்துக்கொண்டான். உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படங்களை ஏற்றும்போது இடத்தை மறைத்துக் காட்டும் வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்த பிறகே ஏற்றுகிறோம். காட்டு பெட்டாவுக்கு வெளிநாடுகளிலும் வாங்குவோர் இருக்கிறார்கள். ஒரு மூலையில் பத்து மீன் இருந்தால், வலையோடு வருகிறவர் பத்தையும் அள்ளிக்கொண்டு போக ஒரு காலைப்பொழுது போதும். படத்தின் பின்னணியில் பாலமோ, சாலைப் பலகையோ, தோட்டத்து வாயிலோ தெரியாமல் எடுப்பதும் அதனால்தான். கைப்பேசிப் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கும் என்பதால், வாட்ஸ்அப் குழுக்களில் முழுக் கோப்பாக அனுப்புவதற்கு முன் அதையும் நீக்கிவிடுங்கள்.